வெளிக்கிட்டாச்சு

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து எறிகிற மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்த தன் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, மூன்று நாள் பயணத்துக்கான சாமான்களை அதன்மேல் வரிசையாக அடுக்கியிருப்பார். பக்கத்தில் சமையலறைத் தராசு. கையுறை, தொப்பி, வரைபடம், அடுப்பு, ஸ்பூன் என்று ஒவ்வொன்றும் அதில் ஏறி இறங்கும். நான் கொண்டுபோன மூன்றாவது ஜோடி சாக்ஸை, செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "தம்பி, ரெண்டு ஜோடி போதும். இது எதுக்கு, மாமியார் வீட்டுக்கா போறோம்?" என்பார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் திருப்பூர்க்காரன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிடுவேன். அகதியாக லண்டன் வந்த புதிதில், மலையேறும் சாமான்கள் விற்கும் ஒரு கடையின் கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. பெட்டி பெட்டியாக இறக்கி வைத்தவருக்கு, இதையெல்லாம் மாட்டிக்கொண்டு ஜனங்கள் அப்படி எங்கேதான் போகிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பிறகு எலக்ட்ரீஷியன் ஆனார், கல்யாணம் செய்தார், வீடு வாங்கினார். பனிக்காலம் வந்தால் மட்டும் ஆள் மலையில்தான். நான் ஐ.டி. வேலைக்கு வந்து பக்கத்துத் தெருவில் குடியேறியவன். பேச்சுவாக்கில் ஒருநாள், நானும் வரட்டுமா என்று கேட்டுவைத்தேன். அதிலிருந்து நான்கு குளிர்காலம் அவரோடு ஸ்காட்லாந்து மலைகளில் அலைந்தேன்.

லிஃப்டில் ஏறி, சறுக்கி இறங்கி, காபி குடிக்கிற பனிச்சறுக்கு அல்ல எங்களுடையது. சறுக்குப் பலகையின் அடியில் ஒரு ரோமப்பட்டையை ஒட்டிக்கொண்டு நடந்தே மேலே ஏற வேண்டும். உச்சியில் அதை உரித்து மடித்து வைத்துவிட்டு இறங்க வேண்டும். பனி இறுகிக் கண்ணாடி ஆகிவிட்ட இடத்தில் பலகையை முதுகில் கட்டி, பூட்ஸுக்கு இரும்புப் பற்களை மாட்டி, பனிக்கோடரியை ஊன்றிப் போக வேண்டும். ராத் தங்க, மலைக்குள் ஆளில்லாத கல்வீடுகள் இருக்கின்றன. பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் தரையில் படுத்துக்கொள்ளலாம். சாப்பாடும் அடுப்பும் எரிவாயுவும் நம் முதுகில். அதற்காகத்தான் அந்தத் தராசு. ஆனால் லண்டன் டூட்டிங்கில் உள்ள தமிழ்க் கடையில் வாங்கும் பயற்றம் உருண்டையை மட்டும் அவர் அதில் வைத்ததே இல்லை. கேட்டால், "அது கணக்குல வராது" என்பார்.

அவர் என்னிடம் பேசியது என் தமிழில். சினிமா பார்த்துப் பழகியது என்று சொல்வார். என்னைக் கண்டதும் அவருடைய 'ஓம்' 'ஆமா' ஆகிவிடும், 'வாறன்' 'வர்றேன்' ஆகிவிடும். காலையில் கல்வீட்டை விட்டுப் புறப்படும்போதுகூட "கிளம்பலாமா தம்பி?" என்றுதான் கேட்பார். அண்ணி சமையலறையிலிருந்து ஏதாவது சொன்னால் அந்தப் பக்கம் திரும்பி வேறொரு வேகத்தில் பதில் சொல்வார். எனக்கு அதில் பாதிதான் பிடிபடும். மீதிப் பாதி என்னவென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எனக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்வது ஏதோ எனக்குச் சேர வேண்டிய மரியாதை என்பதுபோல இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

போன பனிக்காலம் பேட்மின்டன் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் மலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்றார் அண்ணா. தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன், ஆனால் ஒப்புக்குச் சொன்னேன். இரண்டு இரவு, தெரிந்த பாதை, தெரிந்த கல்வீடுகள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதை வாங்குவது பற்றி ஒரு வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். இந்தத் தடவையும் தள்ளிப் போயிற்று. "அதுக்குப் பதிலா நான் இருக்கேன்ல" என்று நான்தான் சொன்னேன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தாள் எழுதுவோம். எந்த வழி, எந்த இரவு எங்கே, வானிலை கெட்டால் எந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குவது, பையின் நிறம், சட்டையின் நிறம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பிரதி லண்டனில் ஒருவரிடம் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் போனபோது அது என் அலுவலக நண்பனிடம் இருந்தது. இந்தத் தடவை என்னிடம். அண்ணியிடம் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "ஆறு மணின்னு எழுதினா அவ நாலு மணிக்கே போலீசுக்கு போன் போடுவா" என்று சிரித்தார். தாளின் கடைசி வரியை நான் என் கையால் எழுதினேன்: ஞாயிறு மலையை விட்டு வெளியே வந்ததும் மெசேஜ். மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் மீட்புக் குழுவுக்கு போன். அதை என் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

வெள்ளியும் சனியும் ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். மலைக்குள் சிக்னல் கிடையாது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்: வெளிக்கிட்டாச்சு.

நான் அதை இரண்டு முறை படித்தேன். முதலில் 'வெளி', கடைசியில் 'ஆச்சு'. நடுவில் இருந்தது விறைத்துப்போன கட்டைவிரலின் வேலை என்று நினைத்தேன். வெளியே வந்தாச்சு. மூன்றிலிருந்து நான்குக்குள் சாலைக்கு வந்துவிடுவார் என்று தாளிலும் இருந்தது. "சூப்பர் அண்ணா, பத்திரமா வாங்க" என்று பதில் போட்டேன். அதற்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. இரண்டாவது டிக் விழாதது கண்ணில் பட்டது. போன் சார்ஜ் தீர்ந்திருக்கும், இரவு ரயிலில் ஏறியதும் பார்ப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாளைக் கதவிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். பிறகு ஈஸ்ட் ஹாமுக்குப் போய்க் காய்கறி வாங்கினேன். ஆறு மணிக்கு அங்கே ஒரு ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை எட்டரைக்கு அண்ணி போன் செய்தார். "தம்பி, இவர் இன்னும் வரேல்லை. ரயில் எப்பவோ வந்திட்டுதாம். உங்களுக்கு ஏதும் மெசேஜ் போட்டவரோ?"

"நேத்து மூணு மணிக்கே வெளிய வந்துட்டேன்னு போட்டாரே அண்ணி."

"அப்ப ரயிலை விட்டிட்டார் போல" என்று அவர் போனை வைத்தார். என் வாயால் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இன்னும் ஒன்றரை மணி நேரம் இருவரும் சும்மா இருந்தோம். பத்து மணிக்கும் அந்த ஒற்றை டிக் அப்படியே இருந்தது. அப்போதுதான் போலீசைக் கூப்பிட்டேன். போனில் பேசிய பெண் கடைசியாக வந்த செய்தி என்ன என்று கேட்டாள். 'நான் வெளியே வந்துவிட்டேன்' என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். மீட்புக் குழு சாலையோரத்திலிருந்து தேடத் தொடங்கியது அதனால்தான்.

அன்று பிற்பகல் அவரைக் கண்டெடுத்தார்கள். சாலையிலிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய தூரத்தில், மலைமுகட்டுக்குக் கீழே, ஒரு ஓடைக்கரையில். இறங்கும்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இல்லை. காலைக் கோடரிக் கட்டையோடு சேர்த்துத் தானே கட்டியிருந்தார். இருந்த உடுப்பையெல்லாம் போட்டுக்கொண்டு, தூக்கப் பையையும் அதன்மேல் ஆரஞ்சு நிற உறையையும் இழுத்துவிட்டிருந்தார். தலைவிளக்கை விட்டு விட்டு எரியும்படி வைத்து, பாறைமேல் மாட்டியிருந்தார். எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. எரிவாயு உருளை காலியாகியிருந்தது. மீட்புக் குழுக்காரர் அண்ணியிடம், ஒரு மனிதன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அவர் சரியாகச் செய்திருக்கிறார் என்றாராம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு மாதமும் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. முகட்டிலிருந்து சாலை தெரியும். தெரிந்ததும் வந்துவிட்டோம் என்ற தைரியத்தில் அவசரப்பட்டு மெசேஜைத் தட்டிவிட்டார் என்று முடிவு கட்டியிருந்தேன். பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்துக் கணக்குப் பார்க்கிற ஆள், இறங்கி முடிக்காமல் ஏன் அனுப்ப வேண்டும்? தகனத்தில் நின்றபோதும் இதையே மனதுக்குள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரிடமும் மெசேஜைக் காட்டவில்லை. இறந்தவரின் தவறை ஊருக்குக் காட்டக் கூடாது என்று பெரிய மனது பண்ணியதாக நினைப்பு வேறு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுவாரம் அண்ணி கூப்பிட்டார். அண்ணாவின் சாமான்களை நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம், வீட்டில் வைத்துப் பார்க்க ஏலவில்லையாம். போனேன். போலீஸ் திருப்பிக் கொடுத்த பையை அவர் பிரிக்கவே இல்லை. அண்ணாவின் போனை மட்டும் சார்ஜ் போட்டு மேசையில் வைத்திருந்தார்.

"கடைசியா உங்களுக்கு என்ன எழுதினவர் தம்பி? நான் அதை இன்னும் பாக்கேல்லை. பாக்கப் பயமாக் கிடந்தது."

என் போனை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாய்விட்டுப் படித்தார். "வெளிக்கிட்டாச்சு." நான் எழுத்துப் பிழை என்று நினைத்தது அவர் வாயில் சாதாரணமான ஒரு சொல்லாக இருந்தது. தினமும் புழங்குகிற சொல்.

"இது வந்து சேந்த கதை இல்லையே தம்பி" என்றார். "வெளிக்கிட்டாச்சு எண்டால் புறப்பட்டாச்சு. இனித்தானே நடக்கப் போறார்."

நான் மேசையில் இருந்த போனைப் பார்த்தேன். அண்ணி அதைத் திறந்தார். அண்ணாவின் போனில் அந்தச் சொல்லுக்குக் கீழே காலை ஏழு நாற்பது என்று இருந்தது. கல்வீட்டு வாசலில் நின்று தட்டியிருக்கிறார். மூன்று மணிக்கு முகட்டில் ஏறியபோது சிக்னல் கிடைத்து அது தானாகவே போயிருக்கிறது. திட்டத்தில் காலை மெசேஜ் கிடையாது. ஏன் அனுப்பினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று காலை வானம் தெளிவாக இருந்ததாம். மனம் நிறைந்து, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

"உங்களோட அவர் இப்பிடிக் கதைக்கிறவரோ?"

"இல்ல அண்ணி. ஒரு தடவைகூட இல்ல."

அவர் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். அவர் அழவில்லை. ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். ஈஸ்ட் ஹாமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

பிறகு, என்னைப் பார்க்காமல், அவர் சொன்னார்: "அவர் அங்க இருந்து மணிக்கூட்டைப் பாத்திருப்பார், என்ன? ஆறு மணியாச்சு, தம்பி இப்ப போன் பண்ணியிருப்பான் எண்டு."