சேவல் தலையில் தேங்காய் எண்ணெய்

எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்புதான். தப்பும் மறதியும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், எங்கள் ஈப்போ வீட்டில் கோழிக்கறி தாளித்த மருமகள், "அத்தை, கறி தின்னா பாவமா லா?" என்றாள். தேங்காய் எண்ணெய் வாசனையில் சின்ன வயதில் நாங்கள் இருந்த தோட்டத்து முனியாண்டி கோயில் கண்முன் வந்துவிட்டது!

"சாமிகிட்ட கேட்டு வெட்டுனா பாவமில்ல," என்பார் அப்பா. தண்ணீர் தெளித்ததும் சேவல் உடம்பை உதறினால் அதுதான் வெட்டச் சாமி தரும் உத்தரவு.

ஒரு வருசம், நேர்ந்துவிட்ட என் வளர்ப்புச் சேவல் மேல் மூன்று முறை தெளித்தார்கள். உதறவே இல்லை!

"சாமிக்கு வேணாமாம், விட்டுருண்ணே," என்றார் பூசாரி அப்பாவிடம். நான் குதித்தேன்!

தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடட்டும் என்று, அன்று காலையிலேயே அதன் தலையிலும் இறக்கையிலும் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

மருமகளுக்கு என்ன சொல்ல? சாமியை நான் ஏமாற்றினேனா, சாமிதான் என்னைத் தடவச் சொன்னாரா? எண்ணெய் தடவிய சேவல் உதறாதா என்று, கோழி வளர்ப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.