ஒன்பது பெட்டிகளுக்கு ஒரு பை

மடியில் சிவப்புப் பையை வைத்துக்கொண்டு, இன்றைக்கு எங்கே ரத்தம் கொட்டும் என்று க்ளெனிஸ் பார்ஜெட்டர் யோசிக்கிறார். சனிக்கிழமை காலை எட்டு மணி. தன் திரைச்சீலைக் கடையை இன்னும் திறக்கவில்லை.

"இன்னிக்கு மேட்ச். குடிச்சிட்டு வருவானுங்க. மைதானமா, பஸ் நிலையமா? நீ என்ன சொல்ற, ஹெட்லி?"

"நான் செருப்புத் தைக்கிறவன். ஜோசியமா பார்க்கிறேன்?" என்கிறேன், பக்கத்துக் கடைக்காரனான நான்.

"ரெண்டுமே குத்துமதிப்புதான், சொல்லேன்."

எங்கள் ஆல்டர்விக்கில் ஒன்பது இடங்களில் சுவரில் சிவப்புப் பெட்டி தொங்குகிறது. இரண்டு வருடங்களுக்கு முன் நகர மன்றத்தார் பாண்டு வாத்தியம் வைத்து, போட்டோ பிடித்து மாட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பை இருந்தது: ரத்தம் நிற்கக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் பட்டை, காயத்தில் திணிக்கும் துணி, கத்தரிக்கோல். திருடு போனது பாதி, காலாவதியானது பாதி. மறுபடி நிரப்பக் கேட்டபோது, அரசாங்கப் பணம் பெட்டிக்குத்தான் வந்தது, உள்ளே வைப்பதற்கு அல்ல என்றார்கள். இப்போது ஊருக்கே ஒரு பைதான். அதுவும் க்ளெனிஸ் கைக்காசில் வாங்கியது. நாளுக்கொரு பெட்டியில் கொண்டுபோய் வைக்கிறார்.

வயது அறுபத்து மூன்று. கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. ஜன்னல் அளவு சொல்ல வருகிறவர்களிடம், "கையக் குடு கண்ணு" என்று பட்டையை மாட்டித் திருகிவிடுவார். "வலிக்குதா? வலிச்சாத்தான் ஒழுங்கா கட்டியிருக்கேன்னு அர்த்தம்." தேநீரைக் கடிகாரம் பார்த்துத்தான் வடிகட்டுவார். "மூணு நிமிஷம். டீக்கும் போதும், ஆள் போய்ச் சேரவும் போதும்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் இரண்டு நிமிடம் பேசலாம். ஏழு முறை பேசிவிட்டார். ஏழு முறையும் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில். கடைசி முறை கேட்டார்: "பரிசீலனைய வச்சு காயத்த அமுக்க முடியுமாய்யா?" மணி அடித்து உட்கார வைத்தார்கள். யாரோ சிரித்ததும் எனக்குக் கேட்டது.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மீன் கடைக்குக் கண்ணாடி பொருத்த ராய்ஸ்டன் வந்தான். கண்ணாடி உடைந்து தொடையில் இறங்கிவிட்டது. க்ளெனிஸ் கடையிலிருந்த வெல்வெட் துணியைத் திணித்து, அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். பக்கத்திலிருந்த சந்தைப் பெட்டிக்கு ஓடியவன் நான்தான். அவசர எண்ணுக்குப் போன் போட்டு, பூட்டு எண்ணைக் கேட்டு வாங்கித் திறந்தேன். உள்ளே ஒரு சிலந்தி இருந்தது. பை மைதானத்தில் இருந்தது.

கூட்டங்களில் பைகள் குறைகின்றன என்று மட்டுமே பேசினார்; எந்தப் பெட்டி காலி என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் ஆம்புலன்ஸ்காரர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், மன்றம் பெட்டியையே கழற்றிவிடும், பிறகு ஒருநாளும் திரும்ப வராது என்ற பயம். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலராக, வாராந்திரப் படிவத்தில் ஒன்பதுக்கும் 'சரி' என்றே குறித்துவந்தார்.

ராய்ஸ்டனைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது சொன்னார். "நான்தான் சரின்னு போட்டேன், ஹெட்லி."

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. மன்றத்தார்மேல் அதைவிட அதிகம். ஆனால் அவர்கள் யாரும் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மறுவாரம் எட்டுக்கும் 'காலி' என்று எழுதிக் கொடுத்தார். அவர் பயந்தபடியே போன வாரம் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. பயன்பாட்டில் இல்லாத பெட்டிகள் இந்த மாதக் கடைசியில் அகற்றப்படுமாம். நிரப்புவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்று பஸ் நிலையம் என்று முடிவு செய்தார். பையை அங்கே வைத்துப் பூட்டிவிட்டு வந்து, திரைச்சீலைக்கு உள்பக்கம் தைக்கும் கறுப்புத் துணியில் எட்டுத் துண்டு வெட்டினார். நவம்பருக்குப் பிறகு வந்த பழக்கம் இது. காலிப் பெட்டிகளை மூடிக் கட்டுகிறார், இன்னொருவர் நம்பி ஓடி வந்துவிடக் கூடாதென்று. சந்தைப் பெட்டி கடைசி.

துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு கைமேல் கை வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அந்தப் பெட்டியை அமுக்கினார்.

"க்ளெனிஸ், டீ ஆறுது."

கையை எடுக்கவில்லை.