வெள்ளையடிச்ச குளம்

அந்தத் திங்கட்கிழமை காலையில குளத்தடியில நின்னவங்க: எங்க பாடசாலை அதிபர். விஞ்ஞானம் படிப்பிக்கிற சிவகுமாரன் சார், யாழ்ப்பாணத்து ஆள். கல்வி அலுவலகத்து மேடம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், அதுல சசிகலா. அவ அம்மா முத்தம்மா, தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாம வந்திருந்தா. அப்புறம் நான், பாடசாலைக் காவலாளி.

மேடம் வந்தது எங்க பாடசாலையில பதினொண்ணுக்கு மேல உயர்தர விஞ்ஞான வகுப்பு தொடங்கலாமான்னு பாக்க. இல்லைன்னா பிள்ளைகள் ஹட்டன் டவுனுக்குப் போகணும். முத்தம்மா முன்னமே சொல்லிட்டா: "பஸ்ஸுக்குக் குடுத்துக் கட்டாது. கொழும்புல கடை வேலைக்கு அனுப்பிருவேன்." சசிகலா அன்னைக்குக் காலையில இருந்து நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருந்தா.

காட்டுறதுக்கு எங்ககிட்ட இருந்தது ஒரு குளம். சார் பிள்ளைகளோட சேர்ந்து வெட்டினது. சேறு, பாசி, அழுகின இலை, தவளை. ஒண்ணையொண்ணு தின்னு எல்லாம் சேர்ந்து வாழுற இடமாம், சூழற்றொகுதின்னு சொல்லுவார். எனக்கு வாயில நுழையாது.

சனிக்கிழமை பெற்றோர் கூடிச் சுத்தம் பண்ற சிரமதானம். சார் ஊருல இல்லை. தோட்டத்துல பெரிய அதிகாரி, துரை வர்றாருன்னா தண்ணி ஓடுற கானை அள்ளி, ஓரக்கல்லுக்கு வெள்ளையடிப்போம். காலங்காலமா அப்படித்தான். அம்மாமார் குளத்தையும் அப்படியே செஞ்சுட்டாங்க. சேத்தையெல்லாம் பழைய கொழுந்துக் கூடையில அள்ளிட்டுப் போய்க் கொட்டி, விளக்கமாத்தால தேச்சு, மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி நிரப்பி, சுத்திவர வெள்ளையடிச்சு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூவும் வச்சாங்க.

திங்கட்கிழமை சார் அதைப் பாத்தார். தலையில கை வச்சார்.

"ஐயோ, ஆர் இதைக் கழுவினது?"

முத்தம்மா முன்னுக்கு வந்தா. "நாங்கதாங்க சார். காசு போட்டாக்கூட அடியில தெரியும், பாருங்க. மீனு மூணையும் பேசின்ல வச்சிருக்கோம்."

"சேத்திலைதானே அம்மா எல்லாம் இருந்தது!"

மேடம் ரோசாப்பூவைப் பாத்தாங்க. "இதுவா உங்க சூழற்றொகுதி?"

அதிபர் இருமினார்.

சசிகலா அம்மா பக்கம் திரும்பினா. "அம்மா, சேத்த எங்க கொட்டுனீங்க?"

"கக்கூசுக்குப் பின்னால, குப்பை மேட்டுல. ஏன்டி?"

ஓடினா. எல்லாரும் பின்னால போனோம், மேடமும் சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. ரெண்டு நாளா மழை. குப்பை நல்லா ஊறிக் கிடந்துச்சு. சசிகலா ஒரு குச்சியால கிளறினா. தவளை ஒண்ணு பாஞ்சு மேடம் செருப்புல உக்காந்துச்சு. பிள்ளைகள் குப்பைக்குள்ள கையை விட்டுட்டாங்க.

"சார், தும்பிக் குஞ்சு!"

"மண்புழுடா, தள்ளு!"

"எரும, நத்தைய மிதிக்காத!"

மேடம் குந்திட்டாங்க. "சரி. இதுல எது எதைத் தின்னுது? சொல்லுங்க."

சசிகலாவுக்கு மூச்சு வாங்கிச்சு. "இலை மக்குது மேடம். அத மண்புழு தின்னுது. மண்புழுவத் தவளை தின்னுது. தவளையப் பாம்பு தின்னும்." கொஞ்சம் நிறுத்தினா. "அதிபர் சார அட்டை தின்னுது மேடம்."

அதிபர் குனிஞ்சு பாத்தார். கணுக்கால்ல அட்டை ஒண்ணு கொழுத்துப்போய்த் தொங்குது. அவர் குதிச்ச குதிக்கு மேடம் சிரிச்சதுல கண்ணுல தண்ணி வந்துருச்சு. சிவகுமாரன் சார் மரத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அட்டை கழண்டு விழ நான் உப்பு எடுக்கப் போனேன்.

"சேத்துலயா இம்புட்டும் கெடந்துச்சு?"ன்னு முத்தம்மா கேட்டா. அவளும் கையை விட்டுக் கிளறினா.

கிளம்பும்போது மேடம் சொன்னாங்க: "வகுப்பு தொடங்கலாம். நான் எழுதுறேன். அம்மா, மகளைக் கொழும்புக்கு அனுப்பிறாதீங்க."

"இனி எங்கங்க அனுப்புறது"ன்னா முத்தம்மா. கை ரெண்டும் சேறு.

வேலையில சேந்த நாள்ல இருந்து குப்பை எரிச்ச ஆள் நான். அதுக்கப்புறம் கிளறிப் பாக்காம ஒரு நாளும் தீ வைக்கல.

அன்னைக்குப் பிள்ளைகள் எண்ணி முடிக்க மத்தியானம் ஆச்சு. முன்னம் குளத்துல எண்ணினப்போ பதினாலு வகை உயிர். குப்பையில, அதிபரையும் சேத்து, பத்தொன்பது.