இறங்கக்கூடாத ஐந்தாவது ஆட்டம்

2009இல் பாரிஸில் பிரெபெக்துர் என்னும் அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். பணிக்காலம் முழுவதும் வெளிநாட்டவர் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தத் தாளோடு எந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவனை வீட்டில் சும்மா உட்கார வைத்தால் கால் நிற்குமா? தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. முருங்கைக்காயின் விலை கேட்பேன், வாங்க மாட்டேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் போய், ஏறப்போகும் வண்டி எதுவும் இல்லாமலே, அறிவிப்புப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். இந்த அலைச்சலில்தான் அமெரிக்கக் கால்பந்து என் கையில் அகப்பட்டது.

அந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள் முட்டலையும் மோதலையும் பார்க்கிறார்கள். நான் நிர்வாகத்தைப் பார்த்தேன். ஒருவன் நாலடி ஓடி விழுவான். உடனே எல்லாம் நிற்கும். கோடு போட்ட சட்டை அணிந்த நடுவர்கள் கூடிப் பேசுவார்கள். தரையில் சங்கிலி வைத்து அளப்பார்கள். மேல்முறையீடு உண்டு, அதற்குக் கெடு உண்டு, முறையீடு தோற்றால் தண்டனையும் உண்டு. விதிப்புத்தகத்தை ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தேன். என்னைப் போன்ற ஒருவனுக்காகவே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு.

நவம்பர் கடைசியில் அமெரிக்கர்களுக்குத் தாங்ஸ்கிவிங். வியாழக்கிழமை கடவுளுக்கு நன்றி சொல்லி வான்கோழி சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே சம்பளக்காரர்களின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அந்த நாளில் டெட்ராய்ட் அணி ஆடியே ஆகவேண்டும். வழக்கம் அப்படி. பல வருடம் டெட்ராய்ட் தோற்பதும் வழக்கத்தில் சேர்ந்திருந்தது. பிறகு சனிக்கிழமை கல்லூரிகளின் முறை. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகள், தலைமுறை தலைமுறையாக ஒன்றை ஒன்று பிடிக்காதவை, அன்று மோதிக்கொள்ளும். மற்ற ஆட்டமெல்லாம் தோற்றாலும் இதில் வென்றால் அந்தப் பயிற்சியாளருக்கு வேலை மிஞ்சும்.

இதையெல்லாம் நான் பார்த்தது வீட்டில் அல்ல, லா சப்பலில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதியின் சாப்பாட்டுக் கடையில். கணவர் சமையலறையில், மனைவி காசுமேசையில். நான் புதுச்சேரிக்காரன், மனைவியை இழந்தவன், மத்தியானச் சாப்பாடு அங்கேதான். அவர்களுடைய தாள்களையெல்லாம் நான் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் மூலையில் ஒரு மேசை எனக்கென்றே ஆகியிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகன். பாரிஸுக்கு வெளியே, பொண்டி என்னும் புறநகரில் வளர்ந்தவன். பொண்டியில் பந்து உதைக்காத பிள்ளை கிடையாது. இவனும் உதைத்தான். ஆனால் ஓட்டம் போதாது என்று அணியில் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் சிறிய சங்கம் ஒன்று இருந்தது. அங்கே ஓடத் தேவையில்லாத ஒருவனை வைத்திருப்பார்கள்: கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புகிறவன். நாள் முழுக்க மைதான ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்து, அழைக்கும்போது வந்து ஒரு உதை. அதைப் படம் பிடித்து அனுப்பினான். அமெரிக்காவின் நடுவில், சோளக்காடு சூழ்ந்த ஒரு கல்லூரி, படிப்புச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு அவனை எடுத்துக்கொண்டது. விசாவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அவன் பொறியியல் சேர்ந்தான்.

அவன் போன முதல் வருடம்தான் சாதாரணக் கால்பந்தின் உலகக் கோப்பை நவம்பரில் நடந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். அங்கே ஒரு மாணவன் நாலு பருவம் ஆடலாம். ஒரு வருடம் நாலு ஆட்டத்துக்கு மேல் இறங்கவில்லையென்றால், அந்த வருடம் கணக்கில் சேராது; ஐந்தாவது வருடமும் கல்லூரிச் செலவில் இருக்கலாம். இதற்குச் சிவப்புச் சட்டை என்று பெயர். அப்படி ஒரு சட்டையை யாரும் போடுவதில்லை. ஐந்தாவது வருடம் என்றால் மேற்படிப்பு. பையனின் அம்மா அந்த வருடத்தின் மேல் மனதில் ஒரு மாளிகையே கட்டி வைத்திருந்தாள். அவன் செப்டம்பரிலேயே நாலு ஆட்டங்களில் இறங்கிவிட்டான், வழக்கமாக உதைப்பவனுக்கு உடம்பு சரியில்லாததால். மீதிப் பருவம் முழுவதும் அவன் வாங்கில் இருக்க வேண்டும். இருந்தான். மிஞ்சியது தாங்ஸ்கிவிங் சனிக்கிழமை நடக்கும் கடைசி ஆட்டம் ஒன்றுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் டெட்ராய்ட் ஆடிக்கொண்டிருந்தபோது பையன் அழைத்தான். பயிற்சியாளர் வீட்டு விருந்தில் இருந்தான். வழக்கமாக உதைக்கும் மற்றவனுக்குத் தொடையில் பிடிப்பு, சனிக்கிழமை தன்னைக் கூப்பிடக்கூடும் என்றான். அம்மாவிடம் பேசிவிட்டு என்னைக் கேட்டான். அவன் எப்போதும் பிரெஞ்சில்தான் பேசுவான்; என்னைத் தொந்தோன், அதாவது மாமா, என்பான்.

"தொந்தோன், ஒரே ஒரு உதை என்றாலும் எண்ணுவார்களா?"

"ஒரே ஒரு முறை பந்து ஆட்டத்துக்கு வரும்போது நீ கோட்டுக்குள் இருந்தால் போதும். எண்ணுவார்கள். ஆனால் நீ மாட்டேன் என்று சொல்லலாம். முன்கூட்டியே சொல், மரியாதையாகச் சொல், காரணத்தையும் சொல்."

"சரி," என்றான். சரி என்பதற்குப் பிரெஞ்சில் பல வகை உண்டு. இது கதவைச் சாத்தும் வகை.

மறுநாள் அவன் அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய், தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரர் தேநீர் குடிக்க வந்தவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"பிள்ளை விளையாடக்கூடாது எண்டு நேர்த்தி வைச்ச தாய் உலகத்திலை நீங்கள் ஒராள்தான் அக்கா."

"நீர் உம்மடை தேத்தண்ணியைக் குடியும்."

"பிள்ளையாருக்கு உந்த விளையாட்டு விளங்குமோ? அவர் தவறுதலா இறக்கிவிட்டாரெண்டால்?"

"ஐயா விளங்கப்படுத்தினவர்," என்று என்னைக் காட்டினாள். "நான் அப்பிடியே அவருக்குச் சொன்னனான்."

சமையலறை வாசலில் கணவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அவன் அங்கை வாங்கு தேய்க்கவோ போனவன்?" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை பிரான்ஸுக்கு உலகக் கோப்பை ஆட்டம். ஐந்து மணிக்கே கடை நிறைந்துவிட்டது. பெரிய திரையில் பிரான்ஸ். ஆறு மணிக்குப் பையனின் ஆட்டம் தொடங்கியபோது என் மடிக்கணினியைக் காசுமேசையில் வைத்தோம். அவள் மிச்சக்காசு கொடுப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். கடையே பந்தைப் பார்த்துக் கத்தியது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. பந்து எங்கே இருந்தாலும் எங்கள் கண் வாங்கின் மேல். ஒருவன் ஒன்றும் செய்யாமல் இருக்கிறானா என்று பார்ப்பதைப்போலக் களைப்பான வேலை வேறில்லை.

பிரான்ஸ் வென்றது. கூட்டம் தெருவில் இறங்கி ஹார்ன் அடிக்கப் போனது. தொலைபேசிக் கடைக்காரர் என் கணினியைப் பெரிய திரையில் மாட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். கணவரும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பையனின் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், வழக்கமாக உதைக்கும் அந்த மற்றவன் ஒரு உதைக்குப் பிறகு தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். அவளுக்கு என் விளக்கம் தேவைப்படவில்லை.

பையனின் அணி இரண்டு புள்ளி பின்னால். சில விநாடிகள் பாக்கி. ஒரு உதைக்கு மூன்று புள்ளி. பயிற்சியாளர் பையனின் தோளில் கை வைத்து ஏதோ கேட்டார். பையன் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஓடினான்.

"போறான்," என்றார் கணவர்.

"ஐயா, கோட்டைத் தாண்டிட்டான். போச்சுதோ?"

"இல்லம்மா. பந்து ஆட்டத்துக்கு வந்தாத்தான் கணக்கு. இன்னும் வரல."

தொலைபேசிக் கடைக்காரர் தன் கைபேசியை உயர்த்தித் திரையைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். பந்து பின்னால் வந்தது, ஒருவன் நிறுத்திப் பிடித்தான், பையன் உதைத்தான். பந்து இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே, உயரமாக, அவசரமில்லாமல் போயிற்று. கணவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் மேலெல்லாம் வெங்காய வாசனை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கைபேசியைப் பையில் போட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நடுவர்கள் கையை ஆட்டிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

"செல்லாது," என்றேன். "எதிர் அணி கடைசி நொடியில ஆட்டத்த நிறுத்தச் சொல்லியிருக்கு. விசில் ஊதின பிறகு உதைச்சிருக்கான். வேணும்னே செய்வாங்க, உதைக்கிறவன் மனசக் கலைக்க."

"அப்ப திருப்பி அடிக்க வேணுமோ?" என்றார் கணவர்.

"ஆமாம்."

அவள் கேட்டது வேறு. "இது செல்லாதெண்டால், வருசமும் போகேல்லைத்தானே?"

அந்தக் கேள்வி எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். "போகல," என்றேன். "இப்பவும் வெளியே வரலாம். உதைக்காம, பந்த எறிஞ்சு பார்க்க அவங்களுக்கு வழி இருக்கு. விதிப்படி அவன் இன்னும் நாலு ஆட்டக்காரன்தான்."

திரையில் பையன் தனியாக நின்றான். ஆட்டம் நின்றிருக்கும் அந்த இடைவெளியில் எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போவார்கள். உதைப்பவனோடு யாரும் பேசமாட்டார்கள், அது அவர்கள் வழக்கம். அவன் புல்லில் ஒரு இடத்தைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து அவனைப் பார்த்தார். கைகாட்டினால் மாற்றியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"வாடா வெளியிலை," என்றாள் அவள், மெதுவாக.

அவன் வாங்குப் பக்கம் பார்க்கவே இல்லை.

"பாருமப்பா, நிலத்தை அமத்துறான்," என்றார் கணவர். "பொண்டியிலையும் உப்பிடித்தான் அமத்துவான்."

அவள் காசுமேசையைச் சுற்றி வந்து, திரைக்கு முன்னால், எங்களுக்கு மறைக்கும்படி நின்றாள். "சரி. அடிக்கட்டும்," என்றாள். "பிள்ளையாரோடை நான் கதைக்கிறன்."

அவன் உதைத்தான். பந்து வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியே போயிற்று. அதிகமில்லை, ஒரு முழம் இருக்கலாம். எதிர் அணிக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். சோளக்காட்டு ஊர் முழுவதும் மௌனமாகிவிட்டது. லா சப்பலில் பிரான்ஸுக்காக இன்னும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டமும் போயிற்று, வருடமும் போயிற்று. அரசாங்க வேலையில் இரண்டில் ஒன்றாவது மிஞ்சும்படி எழுதத் தெரிந்தவன் நான். அன்று எழுத ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் அழைத்தான். அவள் வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் நோகிறதா, குளிர் அதிகமா என்று கேட்டாள். தேங்காய் உடைக்கத் தேவையில்லாமல் போனதைச் சொன்னாள். அவன் என்ன நேர்த்தி என்று கேட்டிருக்க வேண்டும். "அதை விடு," என்றாள்.

கிறிஸ்மஸுக்கு அவன் வந்தான். தோளில் சதை வைத்திருந்தது. எனக்கு ஒரு மாதமாகத் தூக்கம் சரியில்லை. விதிப்புத்தகத்தை மறுபடி புரட்டியிருந்தேன். காயத்துக்கு விலக்கு உண்டு, குடும்பத்தில் சாவுக்கு உண்டு. தானாக ஓடிப்போய் உதைத்தவனுக்கு எந்த விலக்கும் இல்லை. என் மூலை மேசையில் அவனை உட்கார வைத்துக் கேட்டேன்: விசில் ஊதிய பிறகு வெளியே வந்திருக்கலாமே, உனக்குத் தெரியாதா?

"தெரியும் தொந்தோன். விசிலும் கேட்டது. கணக்கில் வராது என்று தெரிந்துதான் உதைத்தேன். அதனால்தான் அப்படிப் போயிற்று."

"பிறகு ஏன் நின்றாய்?"

"வெளியே வந்திருந்தால், கணக்கில் வராத அந்த உதை ஒன்றுதான் என்னிடம் இருந்திருக்கும்."

அப்போது காசுமேசையில் அவன் அம்மா ஒரு வாடிக்கையாளரிடம் கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசிக் கடைக்காரர் எடுத்த படம். முதல் உதை, கணவரின் கூச்சல், அதோடு முடிந்துவிடும். கடைக்காரர் அதை எப்போதோ அவளுக்கு அனுப்பிவிட்டிருந்தார். அவள் அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"உங்கடை பெடியனோ? நடுவாலை போகுது," என்றார் வாடிக்கையாளர்.

"ஓம்."

"அப்ப வெண்டவையோ?"

பையன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அம்மாவிடம், "மாமோ, அது கணக்கில் வராது, சொல்லிவிடு," என்றான்.

"நீ சும்மா இருந்து சாப்பிடு," என்றார் அவன் அப்பா சமையலறையிலிருந்து.

அவள் வாடிக்கையாளருக்கு மிச்சக்காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தாள். "அவர் சொன்னது நடுவாலை போகுதெண்டு. போனதுதானே," என்றாள். "வெண்டதெண்டு நான் சொன்னனானோ?"

இந்த ஜூனில் அவன் படிப்பு முடிகிறது. ஐந்தாவது வருடம் இல்லை. ஆனால் அங்கே அந்த விதிகளை இப்போது ஆண்டுக்கு ஆண்டு மாற்றுகிறார்கள். எல்லோருக்குமே ஐந்து வருடம் கொடுக்கலாம் என்றும் பேச்சு அடிபடுகிறது. காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் செய்தியைத்தான். ஒரு நாள் அவளிடம் சொன்னேன். அவள் வாழையிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவனுக்குச் சொன்னனீங்களோ?"

"சொன்னேன். வேண்டாமாம். அங்கேயே வேலை பார்த்துக்கிட்டானாம்."

"அப்ப ஏன் ஐயா இன்னும் பாக்கிறியள்?"

அடுத்த நாள் காலையிலும் பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை.