மூன்றாவது பாட்டை மாற்றியது யார்?

சர்ச்சில் மணியடித்து, விளக்கு போட்டு, ஆராதனையில் பாடும் பாட்டுகளின் எண் அட்டையைப் பலகையில் சொருகி, யார் செய்த தப்புக்கும் பேச்சு வாங்குவதுதான் கோயில்பிள்ளை உத்தியோகம். பத்து வருஷம் இதில் தள்ளினால் ஒருத்தரையும் நம்பத் தோன்றாது. உங்கள் வேலையிலும் அப்படித்தானே?

வேப்பமரத்தடி

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் சபைக்கு ஸ்டெல்லா என்ற பெண் அம்மாவோடு வருவாள். இருபத்துநாலு வயசு. ஆட்டிசம், பேச்சு வராது. ஞாயிறுதோறும் இருவரும் சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு, மணி ஓய்ந்த பிறகுதான் உள்ளே வருவார்கள். என் மணியென்றால் அவ்வளவு இளக்காரமா? கேட்டே விட்டேன்.

"அந்தச் சத்தம் அவ காதுல ஆணி அடிக்கிற மாதிரிங்க. நீங்க கயித்த வுட்டதும் வந்துடறோம்" என்றார் அம்மா.

ஒளிந்து நின்ற சனிக்கிழமை

சனி சாயங்காலம் பலகையில் மூன்று பாட்டு எண் வைப்பேன். காலையில் பார்த்தால் மூன்றாவது மாறியிருக்கும். வாராவாரம் அதே எண். எந்தப் பாட்டென்றுகூடப் பார்க்காமல் பழையதை வைத்துவிடுவேன். பாடகர் குழுப் பையன்கள்தான் என்று முடிவு கட்டி, ஏசித் தீர்த்தேன். பாவம், அவர்கள் சத்தியமே செய்தார்கள். நம்புவேனா?

ஒரு சனிக்கிழமை திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருக்க, ஸ்டெல்லா என் அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் சொருகினாள். "ஏம்மா, இது விளையாட்டா?" என்று பாய்ந்தேன். அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டினேன். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கான பாட்டு! வேத வினாவிடையை வாய்விட்டு ஒப்பிக்கவில்லை என்று, சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தலிலிருந்து கமிட்டி அவளை இரண்டு தடவை தள்ளிவிட்டது. அதனால் திருவிருந்தும் இல்லை. 'அவளுக்கு என்ன புரியும்?' என்று முதலில் சொன்ன பாவி நான்தான்.

அம்மா என்னை முறைத்தார். "அவ கேட்டுகினேதாங்க இருக்கா. உங்களுக்குத்தான் காது கேக்கல."

கமிட்டி

போதகரிடம் ஓடினேன். கமிட்டி கூடியது. செக்ரட்டரிக்கோ என்மேலேயே சந்தேகம், நான்தான் சொல்லிக்கொடுத்தேனாம். அட்டைகளை அவரே கலைத்துப் போட்டார்.

"கர்த்தருடைய பந்திக்கு வர ஆசையாம்மா?" என்று போதகர் கேட்டார். ஸ்டெல்லா விரல்களை உதறினாள், எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நிதானமாகத் தேடி அதே எண்ணை வைத்தாள். செக்ரட்டரி விடவில்லை: "இருந்தாலும் வினாவிடை ஒப்பிக்கணுமே?"

போதகர் அவர் பக்கம் திரும்பினார். "சரி, அஞ்சாம் கேள்விக்குப் பதில நீங்க ஒப்பிங்க, பாப்போம்."

அந்த மாசமே ஸ்டெல்லா திருவிருந்து வாங்கினாள்; நான் இப்போதெல்லாம் மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, இந்த வாரம் எதை வைக்கப்போகிறாளோ என்று ஒளிந்து நின்று பார்க்கிறேன்.