நோயாளி வேஷத்தில் ஒரு சனிக்கிழமை

போன மழைக்காலம். கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றின் மேல்மாடியில் சனிக்கிழமை வகுப்பு. பட்டப்படிப்பில் இருக்கும் பிள்ளைகளைச் சட்டத்துக்கும் மருத்துவத் துறைக்கும் தயார்படுத்துகிற இடம். அங்கே நரைத்த தலை என்னுடையது மட்டும்தான். ஐம்பதை நெருங்கும்போது வீட்டிலிருந்தே வெளிவாரிப் பட்டம் படித்து, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கும் ஆசைப்பட்டவன் நான். "கறுப்புக் கோட்டு உங்க நரைக்கு எடுப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லித்தான் மனைவி என்னை வத்தேகமயில் பஸ் ஏற்றிவிடுவாள்.

அன்று வகுப்பெடுக்கும் சேர் ஒரு பயிற்சி வைத்தார். ஜோடி ஜோடியாக முன்னே போகவேண்டும். முதலில் மருத்துவப் பக்கத்துப் பிள்ளை மற்றவரை நோயாளியாக வைத்து விசாரிக்கும். பிறகு சட்டப் பக்கத்து ஆள் அதே பிள்ளையைச் சாட்சியாக்கிக் குறுக்கு விசாரணை செய்வார். எனக்கு ஜோடி, பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை. என் மகள் வயது. திங்கட்கிழமை அவளுக்கு மருத்துவப் படிப்புக்கான நிஜமான நேர்முகத் தேர்வு.

"அங்கிள், நெஞ்சு வலின்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன். சொதப்பிறாதீங்க, எனக்கு இது ஒண்ணுதான் ஒத்திகை" என்றாள்.

போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். அடுத்து நான் எழும்பிப் பேசவேண்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். நெஞ்சு நிஜமாகவே அடைத்தது. வியர்வையில் சட்டை நனைந்தது. "பிள்ள, எனக்கு நெசமாவே முடியல" என்றேன். வகுப்பே கைதட்டியது. "இப்படித்தான் நடிக்கணும்!" என்று சேர் வேறு பாராட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே மலையும் கூரைகளும் மழைமூட்டத்தில் கரைந்துகொண்டிருந்தன. பஸ்காரர்கள் ஊர்ப்பெயர் கூவுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. நானும் கதிரையோடு மெல்ல மிதந்து போனேன். வத்தேகமச் சந்தியில் என் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. படத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தேன். பரீட்சை எழுதாமலே கோட்டு கிடைத்துவிட்டதே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

அப்போது என் மணிக்கட்டில் அவள் விரல்கள். அங்கே ஏதோ தடதடவென்று துள்ளியது. சரி, முடிஞ்சுது கதை என்று கண்ணை மூடினேன்.

அவள் குனிந்து என் காதருகே சொன்னாள்: "எண்ணவே முடியல அங்கிள். துள்ளுறது உங்க நாடி இல்ல. என் கை."

கண்ணைத் திறந்தேன். அவள் முகத்தில் பெரிய டொக்டர் களை. விரல்களோ மழையில் நனைந்த கோழிக்குஞ்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சிரிக்கச் சிரிக்க நெஞ்சின் இறுக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"மெதுவா எண்ணு பிள்ள, நான் எங்கயும் போகல" என்றேன். எண்ணினாள். கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் தடுமாறாமல் கேட்டு முடித்தாள்.

பிறகு என் முறை. எழும்பினேன். தயார்செய்து வந்த கேள்விகள் ஒன்றும் நினைவில் இல்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்: "சாட்சி அவர்களே, நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தபோது நடுங்கியது யார் கை?"

"ரெண்டு பேரோடதும், ஐயா."

வகுப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்குப் பரீட்சை இனிமேல்தான். புத்தகத்தைத் திறந்ததும் நெஞ்சு படபடத்தால் இப்போதும் மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். தன் நடுக்கத்தோடேயே என்னை விடாமல் பிடித்திருந்த அந்தக் கை இன்னும் அங்கேதான் இருக்கிறது.