ஜெகனுக்கு இனிப்புக் கொடுத்த ஆள்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளுகிறேன். அதில் கொஞ்சப் பேரைக் கடைசியாகப் பிணவறைக்கும் நான்தான் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், ஒருவராவது எழும்பி எனக்குப் பிரெஞ்சில் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொன்னதில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானும் ஆறு மாதம் சிரித்துப் பார்த்தேன், சரிவரவில்லை.

ஜெகன் என் மனைவி வசந்தியின் தம்பி. ரொக்ஸ்பரோவில் தனியாக இருக்கிறான், நாற்பத்தாறு வயது, சீனி வருத்தம், தினமும் இன்சுலின் ஊசி. நடக்கச் சொன்னது டாக்டர். லாஸ் வேகாஸில் போய் நடக்கச் சொன்னது ஜெகனின் சொந்த மூளை. வெள்ளி பின்னேரம் விமானம், சனி காலை பாலைவனத்தில் நடை, பிறகு நகரத்துக்கு வந்து அளவில்லாத பஃபே சாப்பாடு, அது முடிய மந்திரவித்தைக் காட்சி, ஞாயிறு வீடு. ஒரு வார இறுதிக்குள் துறவியாகவும் ராசாவாகவும் இருந்து பார்க்கலாம் என்றான். துணைக்கு நான் வருவதாக ஒப்புக்கொண்டேன்.

"அக்கா, நீங்களும் வாங்கோவன்."

"பாலைவனம் பாக்க அவ்வளவு தூரம் போகோணுமோ? மார்ச் மாசத்தில யன்னலைத் திறந்து பார், பனி கொட்டி வெள்ளையாக் கிடக்கு," என்றாள் வசந்தி.

ஆனால் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுப் படியில் வைத்து என் கையில் ஒரு பை குளுக்கோஸ் இனிப்பைத் திணித்தாள். "இஞ்சருங்கோ, அவனுக்குச் சீனி இறங்கினா உடனை ரெண்டு மூண்டு குடுங்கோ. கூடப்பிறந்ததில எனக்கு இவன் ஒருத்தன்தான் மிச்சம். பத்திரமாக் கொண்டு வாங்கோ." நான் நெஞ்சில் கை வைத்து ஓம் என்றேன்.

இனி என் வீரத்தைக் கேளுங்கள். விமானம் ஏறும்போது காது அடைத்தது, ஒன்றை வாயில் போட்டேன். நல்ல ருசி, தோடம்பழ வாசம். நடுவழியில் அலுப்பு அடித்தது, இன்னும் இரண்டு. ஜெகன் நித்திரை, கேட்க ஆளில்லை. இறங்கும்போது காது மறுபடி அடைத்தது. விடுதியில் பையைத் திறந்து பார்த்தால் உள்ளே காற்று மட்டும் இருந்தது. காலையில் வேறு வாங்கலாம் என்று நினைத்தேன், காலையில் மறந்தேன்.

ஜெகனும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தான். காலையில் ஊசியைப் போட்டுவிட்டு அரைத் துண்டு பாணோடு எழும்பிவிட்டான். "பின்னேரம் பஃபே அத்தான். நண்டுக்கால், ஆட்டிறைச்சி எல்லாம் கிடக்கு. வயித்தில இடம் வைக்கோணும்." கலியாண வீட்டுக்குப் போகிற அன்று காலையிலிருந்து பட்டினி கிடக்கிற பரம்பரை நாங்கள், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரிக்காரன், ஊசியையும் பட்டினியையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

பாலைவனம் உண்மையிலேயே அழகு. சிவப்புப் பாறைகள், இடையில் முள்ளுச் செடிகள், தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம். இருவருமாகப் பகிடி விட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். ஓரிடத்தில் பாதை இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கால் போனது. ஓர் ஆள்தான் போகலாம், அதுவும் பக்கவாட்டில், என்னைப் போன்ற வண்டி வயிற்றுக்காரன் மூச்சை உள்ளே இழுத்தால்தான் போகலாம். ஜெகன் எனக்குப் பின்னால் நின்று சிரித்தான். அந்தப் பக்கம் வந்து கொஞ்சத் தூரத்தில் அவன் ஒரு பாறை நிழலில் இருந்துவிட்டான். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது.

"சேர், பஸ் வந்திட்டுதோ?" என்று என்னைக் கேட்டான்.

ஆளுக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. அவனுடைய பொக்கற்றில் சீனி பார்க்கிற கருவி இருந்தது, விரலில் குத்திப் பார்த்தேன், இரண்டு தசம் நான்கு; நான்குக்குக் கீழே இறங்கக்கூடாது. அந்த எண்ணைப் பார்த்தால் எங்கள் தாதிமார் ஓடுவார்கள். நானும் பொக்கற்றில் கையை விட்டேன், வெறும் பை. தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல் இல்லை. சுற்றிவர ஒரு மனிதர் இல்லை. பாதை தொடங்கிய இடத்தில் விட்ட வாடகைக் காரில் இரண்டு வாழைப்பழம் இருந்தது நினைவு வந்தது. "மச்சான், அசையாதை, இந்தா வாறன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஓடினேன் என்பது பெரிய சொல். இடுக்கால் பிதுங்கி வெளியே வந்து, இரண்டு திருப்பம் திரும்பி, மூன்றாவதில் பாதையைத் தொலைத்தேன். எல்லாப் பாறைக்கும் ஒரே முகம். கார் எந்தப் பக்கம், ஜெகன் எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. நான் சைவ சமயத்தவன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன், அவர் மட்டும் காணாது என்று கிறிஸ்தவர்களின் மடு மாதாவையும் கூப்பிட்டேன். வசந்திக்கு என்ன சொல்வது, 'உன்ரை தம்பியின்ரை உயிரை நான் விமானத்தில் சூப்பித் தின்றுவிட்டேன்' என்றா? ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, பட்டப்பகலில், ஒரு கள்ளிச் செடிக்கு முன்னால் நின்று வாய்விட்டு அழுதேன். கார் வேண்டாம், அவனிடமே திரும்பிப் போவோம், சாகிற நேரம் தனியாக விடக்கூடாது என்று தோன்றியது.

"ஜெகன்! எங்கையடா?" என்று கத்தினேன்.

பாறைகளுக்குள் இருந்து பதில் வந்தது. "இஞ்சை. அவதிப்படாமல் மெல்ல வா."

நம்பினால் நம்புங்கள், அது என்னுடைய குரல். எதிரொலி என்பீர்கள், எனக்குத் தெரியும். எதிரொலி கேட்டதைத்தானே திருப்பிச் சொல்லும், கேள்விக்கு மறுமொழி சொல்லாதே! அதோடு என் வாழ்க்கையில் நான் யாருக்கும் அவ்வளவு நிதானமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கால் தானாக அந்தப் பக்கம் போனது. மறுபடி கத்தினேன், மறுபடி "இஞ்சை" என்றது. அப்படியே அந்த இடுக்கின் வாயில் வந்து நின்றேன். அவசரத்தில் நுழைந்ததில் சேட்டுக் கிழிந்தது, தோள் உரசிக் காயம்.

வெளியே வந்தால் ஜெகன் நிமிர்ந்து இருக்கிறான். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. நான் மறுபடி அவன் விரலில் குத்தினேன். ஐந்து தசம் எட்டு, சரியான அளவு.

"என்னடா சாப்பிட்டனி?"

"நீங்கள்தானே அத்தான் இனிப்புத் தந்தனீங்கள்."

"எப்ப?"

"இப்பத்தானே. உங்களுக்கும் சீனியோ?" என்று சிரித்தான்.

அவனுடைய வாயில் தோடம்பழ வாசம். நான் அவனை மெல்ல நடத்திக் காருக்குக் கூட்டி வந்து, இரண்டு வாழைப்பழத்தையும் உரித்துக் கொடுத்து, நேரே ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போனேன். பார்த்துவிட்டு, ஆள் நல்லாயிருக்கிறார், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார்கள். அதை ஜெகன் பஃபேக்கான அனுமதியாக எடுத்துக்கொண்டான்.

பின்னேரம் ஐந்து மணிக்கு, நண்டுக்காலை உடைத்தபடி, அவன் முழுவதையும் சொன்னான். நான் போனதே அவனுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் இருந்தேனாம், ஒவ்வொரு இனிப்பாக வாயில் வைத்தேனாம், கையைப் பிடித்துக்கொண்டேனாம்.

"ஒரு பகிடி விடேல்லை நீங்கள். அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது."

"வேறை என்ன சொன்னனான்?"

"'அவர் வாறார், நல்லாப் பயந்துபோனார், பாத்துச் சிரிக்காதை' எண்டனீங்கள். ஆரைச் சொல்லுறியள் எண்டு விளங்கேல்லை. பேந்து எழும்பி அந்த இடுக்குக்குள்ளை போனீங்கள். போன கையோடை சேட்டுக் கிழிஞ்சு திரும்பி வந்தீங்கள். அவ்வளவு கெதியா என்னண்டு திரும்பினீங்கள் அத்தான்?"

நான் நண்டை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு மந்திரவித்தைக் காட்சியில் ஒருவர் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் வைத்து மறைத்து, மண்டபத்தின் பின்பக்கத்தால் வரவைத்தார். சனம் எழும்பி நின்று கை தட்டியது. எனக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஜெகன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான், சனிக்கிழமைகளில் நானும் அவனும் ஆற்றங்கரையால் நடக்கிறோம், அவனுடைய சீனி நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது, போன மாதம் ஒரு பெண்ணோடு கோப்பி குடிக்கப் போனதாகவும் கேள்வி. இனிப்பைத் தின்ற விஷயத்தை வசந்தியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது என்னை உற்றுப் பார்த்தாள்.

"அங்கை போய் வந்த பிறகு நீங்கள் கொஞ்சம் மெல்லக் கதைக்கிறியள். நான் சொல்லுறதையும் கேக்கிறியள்."

"வசந்தி, திரும்பி வந்தது நான்தானோ?"

"ஆரெண்டாலும் இருக்கட்டும். மற்ற ஆளைத் தேடிப் போகாதையுங்கோ," என்றாள்.

சிரித்தேன். ஆனால் ஒன்றை அவளுக்கும் சொல்லவில்லை, ஜெகனுக்கும் சொல்லவில்லை. அந்த இடுக்கின் நடுவில், சேட்டுக் கிழிந்த இடத்தில், நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, காலை நேர மெட்ரோவில் எதிரே வருகிறவரை இடிக்கும்போது மன்னிப்புக் கேட்பதுபோல, 'பார்டோன்' என்று சொன்னேன். கண்ணுக்கு முன்னால் பாறை மட்டும்தான். ஆனால் சொன்னேன், நல்ல நினைவு. என் நெஞ்சோடு உரசிக்கொண்டு ஏதோ சூடாகக் கடந்து போனது.